அனுமதி உள்ளவர்கள்

ஜூன் 10, செவ்வாய்

பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. எங்காவது இறக்கி வைக்காவிட்டால் பாடம் எடுக்க முடியாது போலிருக்கிறது.

காலையில் பிரேயர் மணி அடிக்கும்போது ரூபி போன் செய்தாள். என் தங்கை. மதுரையில் பெண்கள் விடுதி ஒன்றில் இருக்கிறாள்.

"அக்கா, அவரு கேட்டுக்கு வெளிய நிக்காரு."

"யாருட்டி?"

"வேற யாரு? பைக்க நிறுத்திட்டு மாடியப் பாத்துக்கிட்டே நிக்காரு. வார்டன் உள்ள விடல. போவவும் மாட்டேங்காரு."

ஜெபசிங் அவள் புருஷன். மே மாதத்தில் அவள் மணிக்கட்டை முறித்தவன். கட்டுப் போட்ட கையோடு தூத்துக்குடியில் பஸ் ஏறி, பாளையங்கோட்டைக்கு என் வீட்டுக்கு வந்தாள். வக்கீலம்மாதான் அவளை மதுரையில் சேர்த்துவிட்டார். பாதுகாப்பு கேட்டு மனுப் போட்டிருக்கிறது. "ஆர்டர் வர்ற வரைக்கும் அவ இருக்கிற இடம் நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியணும். உங்க வீட்டுக்காரர்கிட்டகூட சொல்ல வேண்டாம் டீச்சர்" என்றார். ஆசீரிடம் ஒன்றை மறைப்பது எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. அவர் ஒரே ஒரு தடவை கேட்டார். சொல்லக் கூடாதாம் என்றேன். "அதுவும் நல்லதுதான்" என்று தட்டைக் கழுவப் போய்விட்டார். அப்படிப்பட்ட மனுஷர்.

நான் சொல்லவில்லை. வக்கீலம்மா சொல்லவில்லை. ஜெபசிங்குக்கு யார் சொன்னது?

ஜூன் 12, வியாழன்

ரூபியை ராத்திரியோடு ராத்திரியாகத் திண்டுக்கல்லுக்கு மாற்றிவிட்டார்கள். வக்கீலம்மாவுக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் வீடு. புது முகவரியை மனுவோடு சேர்க்க ஒரு கடிதம் வேண்டும் என்றார். மதுரை முகவரிக்குச் செய்தது போலவே வீட்டுக் கம்ப்யூட்டரில் டைப் செய்து அனுப்பினேன். ரூபியின் எக்ஸ்ரே, டாக்டர் சீட்டு, கழுத்துக் காயத்தின் போட்டோ எல்லாம் அங்கேதான் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. என் பெயருக்குத் தனி பாஸ்வேர்டு இருக்கிறது. பயமில்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு இன்று பிரெஞ்சுப் புரட்சி. பாதியில் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதே மறந்துபோயிற்று.

ஜூன் 16, திங்கள்

நேற்று கோயில் ஆராதனை முடிந்து வந்து சாப்பிடும்போது ஆசீர் சொன்னார்: "ரூபி பாவம்தான். ஆனா ஜெபாவும் பாவம், எப்சி. சின்னப் புள்ள மாதிரி அழுதான் போன்ல."

"உங்ககிட்ட பேசுதாரா?"

"கூப்பிடுதான், எடுக்காம இருக்க முடியுமா? சகலைன்னு ஒரு முறை இருக்குல்லா. குடும்பம்னா சேந்து இருக்கணும். கோர்ட்டு வாசப்படி ஏறிட்டா அப்புறம் ஒட்டவே ஒட்டாது."

அவர் மனசு இளகினது. யார் அழுதாலும் தாங்க மாட்டார். மீன்குழம்பில் புளி கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. அதைக்கூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். பிறகு போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். வீட்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை.

ஜூன் 18, புதன்

திண்டுக்கல்லுக்கும் வந்துவிட்டான்.

நர்ஸ் டியூட்டிக்குப் போயிருந்த நேரம். ரூபி குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அங்கிருந்துதான் என்னைக் கூப்பிட்டாள். கதவை அவன் உதைக்கிற சத்தம் எனக்கே கேட்டது. அவள் பேசவில்லை. மூச்சு மட்டும் வந்தது. நான் ஏழாம் வகுப்பு வாசலில், போனைக் காதில் வைத்தபடி, "தாழ எடுக்காத, ரூபி. தாழ எடுக்காத" என்று சொல்லிக்கொண்டே நின்றேன். பிள்ளைகள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். அந்தத் தெருக்காரர்கள் கூடியதும் அவன் போய்விட்டான்.

நர்ஸ் வீட்டு முகவரி வக்கீலம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். வக்கீலம்மாவின் ஃபைலை விட்டால், அது எழுத்தில் இருப்பது ஒரே இடத்தில், எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில்.

ஜூன் 19, வியாழன்

ஜன்னத் டீச்சரிடம் சொன்னேன். எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர், மேலப்பாளையத்துக்காரர். எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி. முழுக்கக் கேட்டுவிட்டு லேபுக்குக் கூட்டிப்போனார்.

"பாஸ்வேர்டு போட்டிருக்கேன்னு சொல்லுதியளே டீச்சர், ஃபோல்டர் எங்க இருக்கு?"

"டி டிரைவ்ல. முக்கியமானது எல்லாம் அதுலதான் வைக்கணும்னு அவர் சொல்லியிருக்காரு. விண்டோஸ் போனாலும் அது போவாதாம்."

"அங்கனதான் விஷயம். உங்க பாஸ்வேர்டு உங்க ரூமுக்குத்தான் பூட்டு. டி-ங்கிறது எல்லாரும் பொழங்குற ஹால். ஹாலுக்கு என்ன அனுமதியோ அதுதான் அதுக்குள்ள நீங்க வைக்கிற பெட்டிக்கும். நீங்களா மாத்தினாத்தான் மாறும்."

ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து, எந்தெந்தப் பெயருக்கு அனுமதி இருக்கிறது என்று பார்க்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்தார்.

சாயங்காலம் ஆசீர் மில்லிலிருந்து வருவதற்கு முன்னால் வீட்டில் போய்ப் பார்த்தேன். (ஒரு நூற்பு மில்லின் ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பது அவர் வேலை. வீட்டில் உள்ளதையும் அவர்தான் அமைத்தார், அவர்தான் அட்மின்.) ஃபோல்டருக்கு அனுமதி உள்ளவர்கள் பட்டியலில் 'குடும்பம்' என்று ஒரு குரூப் இருந்தது. அதற்குள் யார் யார் என்று தேடிப் பிடித்தேன். ஆசீர். எப்சி. எங்கள் மகள் பெனிட்டா, வேலூரில் படிக்கிறாள். நான்காவது பெயர் ஜெபா.

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். எதற்கு என்று தெரியவில்லை. அவன் அந்தப் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

ஆசீரிடம் கேட்டுவிட்டேன். ரொம்பச் சாதாரணமாகக் கேட்பது போல.

"அட! ஜெபா நம்ம வீட்டுல தங்கி இன்டர்வியூவுக்குப் போய்க்கிட்டு இருந்தாம்லா, அப்ப போட்டுக் குடுத்தது. மறந்தே போச்சு பாரு" என்று சிரித்தார். என் முன்னாலேயே உட்கார்ந்து அந்தக் கணக்கை அழித்தார். "இப்ப நிம்மதியா?" என்று என் தலையில் கை வைத்தார்.

எவ்வளவு லேசாகிவிட்டது! அவர் மேலேயே சந்தேகம் வந்துவிடுமோ என்று... அப்படி ஒன்றும் எனக்கு வரவில்லை. எழுத வேண்டுமே என்று எழுதினேன்.

ஜூன் 23, திங்கள்

ஜன்னத் டீச்சரிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் வரவில்லை.

"அந்தக் கணக்குல நுழையணும்னா உங்க வீட்டு நாற்காலியில வந்து உக்காரணும் டீச்சர். வெளியூர்ல இருந்து நுழையிற ஏற்பாடு எதுவும் அதுல இருக்கா? நீங்க திரைய போட்டோ எடுத்து அனுப்பின படத்துல ஒண்ணும் இல்ல. ஜெபசிங் உங்க வீட்டுக்குக் கடைசியா எப்ப வந்தாரு?"

"பொங்கலுக்கு."

"ரூபி வந்தது மே மாசம்."

நான் கேண்டீன் டீ ஆறிப்போயிற்று என்றேன். அவர் விடவில்லை, ஆனால் குரலை இறக்கினார்.

"நான் யாரையும் சொல்லல. ஒண்ணு மட்டும் செய்யுங்க. அந்த ஃபோல்டர உருவாக்கினது நீங்க, அதனால ஓனர் நீங்கதான். மேல இருந்து வர்ற அனுமதிய வெட்டிவிட்டுட்டு, உங்க பேரத் தவிர எல்லாப் பேரையும் எடுத்துருங்க. அட்மினா இருந்தாலும் சும்மா கிளிக் பண்ணித் திறக்க முடியாது. ஓனர் பேரையே தன் பேருக்கு மாத்தணும். அது தெரியாத்தனமா நடக்கிற காரியம் இல்ல. எத்தனையோ இடத்துல போயி, ஆமா ஆமான்னு சொல்லணும்."

வீட்டுக்கு வந்து செய்தேன். முகவரிக் கடிதங்களை அழித்துவிட்டேன். எக்ஸ்ரேயும் போட்டோக்களும் மட்டும் இருக்கின்றன. ரூபி இப்போது இருக்கிற இடத்தை எங்கேயும் எழுதவில்லை. இங்கேயும் எழுத மாட்டேன்.

அவரை நம்பாமல் செய்யவில்லை. ஒரு முன்ஜாக்கிரதை, அவ்வளவுதான்.

ஜூன் 24, செவ்வாய்

பார்த்தேன். ஓனர்: எப்சி.

ஜூன் 25, புதன்

ஓனர்: எப்சி. வீணாகப் பயந்திருக்கிறேன். அவருக்குப் பிடித்த இடியாப்பமும் சொதியும் செய்தேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூன் 27, வெள்ளி

ஓனர்: ஆசீர்.

ஜூன் 28, சனி

பள்ளி விடுமுறை. ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு வந்து காலி வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று அந்தப் பெயரைப் பார்த்தபின் திரையை அணைக்கவும் தோன்றவில்லை. பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. எப்போது வந்தார் என்று தெரியாது.

"என்ன பாக்க?"

"பெனிட்டா போட்டோ."

"ம்." என் தோளில் கை வைத்தார். எத்தனையோ முறை வைத்த கைதான். நேற்று அதன் எடை தெரிந்தது. "எப்சி, ரூபி இப்ப எங்க இருக்கா?"

"தெரியாது."

"உனக்குத் தெரியாமயா?"

"வக்கீலம்மா எங்கிட்டயும் சொல்லல."

கல்யாணமான பிறகு நான் அவரிடம் பொய் சொன்னது நேற்றுதான் முதல் தடவை. அவர் நம்பவில்லை, நம்பியது போல் தலையை ஆட்டினார். அவர் நடிக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருக்கும். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து டி.வி. பார்த்தோம்.

மதுரைக்கு ஜெபசிங்கை அனுப்பியது அவர். திண்டுக்கல்லுக்கு அனுப்பியதும் அவர். ரூபி குளியலறையில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது மில்லில் டீ குடித்துக்கொண்டிருந்திருப்பார். அதை எழுதிப் பார்த்தால் பொய் போலத் தெரியும் என்று நினைத்தேன். அப்படித் தெரியவில்லை.

ஜன்னத் டீச்சர், "எங்க வீட்டுக்கு வந்துருங்க, இன்னைக்கே" என்கிறார். என்னவென்று சொல்லிக்கொண்டு கிளம்புவது? அடித்தாரா? குடித்தாரா? ஒரு ஃபோல்டரைத் திறந்தார் என்றா? யார் கேட்டாலும் சிரிப்பார்கள்.

ஜூன் 30, திங்கள்

ஜன்னத் டீச்சர் வீட்டில் இருக்கிறேன். நேற்று நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கும்படி வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். அவருக்குத் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். இது எனக்கு.

கோயில் முடிந்து வந்து நான் சேலைகூட மாற்றவில்லை. வாசலில் பைக் சத்தம். ஆசீர் போய்க் கதவைத் திறந்தார். ஜெபசிங் உள்ளே வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை ஆப்பிள். அவன் வந்ததில் ஆசீருக்கு ஆச்சரியமே இல்லை.

"நல்லா இருக்கியளா மைனி?"

ஆசீர் வாசல் கதவைச் சாத்தினார். வெயில் என்றார்.

"உக்காரு எப்சி. சண்ட ஒண்ணும் இல்ல. வக்கீலம்மாவுக்கும் உனக்கும் மெயில் போக்குவரத்து இருக்குல்லா. அதத் திறந்து காட்டு. ரூபி இருக்கிற இடம் தெரிஞ்சா நாங்க ரெண்டு பேரும் போயி, மரியாதையா பேசிக் கூட்டிட்டு வந்துருவோம். கேஸ் கீஸ் எல்லாம் அதோட முடிஞ்சிரும்."

"என் போன் எங்க?"

"எங்கிட்ட இருக்கு. உன் நம்பர் போடாம அதுவும் தொறக்க மாட்டேங்கு. இரு, பேசி முடிப்போம்."

மேசையில் கழற்றி வைத்த போன் எப்போது அவர் சட்டைப் பைக்குப் போனதோ தெரியாது. கம்ப்யூட்டர் முன்னால் என்னை உட்காரவைத்தார்கள். ஒருத்தர் இந்தப் பக்கம், ஒருத்தன் அந்தப் பக்கம். பாஸ்வேர்டு கேட்டது. தப்பாகப் போட்டேன். மறுபடி தப்பாகப் போட்டேன். வேண்டுமென்றேதான்.

"மைனி வெளையாடுதாவ, அண்ணாச்சி" என்றான் ஜெபசிங். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"பரவால்ல. நகரு எப்சி." ஆசீர் தன் கணக்கில் நுழைந்தார். என் பெயரைத் தேர்ந்தெடுத்தார். பழைய பாஸ்வேர்டை அழித்துவிட்டுப் புதிது ஒன்றைப் போட்டார். ரொம்ப நேரம்கூட ஆகவில்லை. என் பெயரைச் சொல்லி, நான் அறியாத ஒரு வார்த்தையைப் போட்டு, என் கணக்கைத் திறந்துகொண்டு அவர் உள்ளே போனார். எந்த நாளும் அவரால் முடிந்திருக்கிறது. அந்த வீட்டில் எனக்குப் பூட்டு என்று ஒன்று இருந்ததே இல்லை.

மெயிலைத் திறந்தார். வழக்கமாகத் தானாகத் திறக்கும். நேற்று அது பாஸ்வேர்டு கேட்டது.

இன்னொரு தடவை பார்த்தார். அதே கேள்வி. அவர் நெற்றி சுருங்கியது. (அட்மின் வெளியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றினால், அந்தக் கணக்குக்குள் சேமித்து வைத்திருந்தவை கைவிட்டுப் போய்விடுமாம். ஜன்னத் டீச்சர் நேற்று ராத்திரி சொன்னார். எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவசரத்தில் மறந்திருப்பார்.)

இரண்டு பேரும் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"சொல்லு" என்றார் ஆசீர்.

அது என் தலைக்குள் மட்டும் இருந்தது.

"சொல்ல மாட்டேன்."

ஜெபசிங்கின் சிரிப்பு நின்றது. அவன் என் இடது மணிக்கட்டைப் பிடித்தான். ரூபிக்கு முறிந்ததும் இடது கைதான். கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான். கோபமே இல்லாத முகம். குழாயைத் திருகுகிறவன் முகம். நான் ஆசீரைப் பார்த்தேன். அவர் எழுந்தார். இப்போது தடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அந்தக் கணம்வரைகூட நான் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் ஜன்னலைச் சாத்தினார்.

"மெதுவா, ஜெபா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

அதைக் கேட்டதும் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கத்தினேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்க எழுப்பும் குரல் அது. பல வருஷம் பழகிய தொண்டை. "என் கைய ஒடிக்கான்! யாராவது வாங்க! கைய ஒடிக்கான்!" நிறுத்தவே இல்லை. ஆசீர் "எப்சி, எப்சி, மானம் போவுது" என்றார். அதற்கு மேலும் கத்தினேன். பக்கத்து வீட்டு லீலா அக்காவும் அவள் மருமகனும் வாசல் கதவைத் தட்டினார்கள். ஜெபசிங் கையை விட்டான். நானே போய்க் கதவைத் திறந்தேன். செருப்புப் போடவில்லை. தெரு சுட்டது.

லீலா அக்கா தன் முந்தானையால் என் தோளைப் போர்த்தி ஆட்டோ பிடித்துத் தந்தாள். மேலப்பாளையம் வருகிறவரை திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஜூலை 3, வியாழன்

லீலா அக்கா என் போனை ஆசீரிடமிருந்து வாங்கிக் கொடுத்தனுப்பினாள். பெனிட்டா போன் செய்தாள். "அப்பா அழுதாருமா. நல்லதுக்குத்தான் செஞ்சாராம். நீ ஏன் இப்படிப் பண்ணுத?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலைச் சாத்தியதையும். பிறகு, "அம்மா, என் பாஸ்வேர்டையும் மாத்தணுமா?" என்று கேட்டாள். அதன் பிறகுதான் நான் அழுதேன்.

கையில் முறிவு இல்லை, சுளுக்குத்தான் என்றார் டாக்டர். சான்றிதழ் கொடுத்தார். வக்கீலம்மா அதையும் மனுவில் சேர்த்துவிட்டார்.

ஜூலை 11, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. ஜெபசிங் ரூபி இருக்கும் இடத்துக்கோ என் பள்ளிக்கூடத்துக்கோ வரக் கூடாது. நல்ல செய்திதான். ஆனாலும் கேட்டுக்கு வெளியே பைக் சத்தம் கேட்டால் என் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்துவிடுகிறது. காகிதத்துக்குக் கால் இல்லை, அவனுக்கு இருக்கிறது.

ஆசீரிடமிருந்து ஒரு மெசேஜ். "கம்ப்யூட்டர்ல உன் பேருக்கு இருந்த பாஸ்வேர்ட எடுத்துட்டேன். இனிமே ஒண்ணும் கேக்காது. எப்ப வேணும்னாலும் வா."

இரண்டு தடவை படித்தேன். அன்பாகத்தான் எழுதியிருக்கிறார். தான் என்ன எழுதியிருக்கிறார் என்று அவருக்குக் கடைசிவரை தெரியப் போவதில்லை. பதில் போடவில்லை. கதவை ஒருமுறை சரிபார்த்துவிட்டு வந்து படுத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

நானும் ரூபியும் ஒரு வீடு எடுத்திருக்கிறோம். எந்த ஊர்ப் பக்கம் என்று எழுதவில்லை. ஒரு அறை, ஒரு அடுக்களை, உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாள். ரூபிக்கு ஒரு அச்சகத்தில் டைப் செய்யும் வேலை கிடைத்திருக்கிறது, வீட்டிலிருந்தும் செய்யலாம். ஜன்னத் டீச்சர் தன் பழைய லேப்டாப்பைத் துடைத்துக் கொடுத்தார். "எல்லாத்தையும் அழிச்சிட்டேன், முதல்லேருந்து நீங்களே போட்டுக்கிடுங்க" என்றார்.

மத்தியானம் தரையில் பாயை விரித்து உட்கார்ந்து எனக்கு ஒரு கணக்கை உண்டாக்கினேன். ரூபி பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தாள். கட்டுப் பிரித்த கை இன்னும் மெலிவாக இருக்கிறது.

"எனக்கு எதுக்குக்கா தனியா? ஒங்க பாஸ்வேர்ட சொல்லுங்க, அதுலயே நானும் செஞ்சிக்கிடுதேன். நமக்குள்ள என்ன?"

"இல்லட்டி. உனக்கும் ஒண்ணு போடுவோம். உன் ஃபோல்டருக்கு உன் பேரு மட்டும்."

அவள் பெயரை அடித்து, பாஸ்வேர்டு கேட்கிற இடம் வந்ததும் லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினேன். தெருவில் ஒரு பைக் போனது. இருவரும் அது தேயும்வரை அசையாமல் இருந்தோம். பிறகு அவள் யோசித்து யோசித்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தாள். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"ஏங்க்கா, பாத்தா என்ன? நீங்கதான?"

"நான்தான். இருந்தாலும் பாக்கக் கூடாது. நீ போடு."

அவள் போட்டு முடிக்க நேரம் பிடித்தது. நான் திரும்பவில்லை.